வைரஸ் வராத கம்ப்யூட்டர்

மாதனூரை அடுத்த அந்த ஷூ கம்பெனியில் காலை ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பார்கோடு பிரிண்டர் நின்றது. பிறகு ஸ்டோர், அக்கவுண்ட்ஸ், டெஸ்பேட்ச் என்று ஒவ்வொரு திரையாகக் கறுத்து, ஒரே வாசகம் வந்தது: உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன.

மேனேஜர் சுஹேல் அகமது டெஸ்பேட்ச் அறைக்கு வந்தபோது, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜீவா மேசைக்கடியில் குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா இது பேஜாரு? நாம யாருக்கு இன்னா பண்ணோம்?”

“வைரஸ் சார். இத அனுப்பினவனுக்கு நாம யாருன்னே தெரியாது. ஊர் உலகத்துல ஜாஸ்தி பேர் வெச்சிருக்கிறது இந்த மாதிரி கம்ப்யூட்டர்தான். ஒரு கள்ளச்சாவி செஞ்சுட்டா லட்சம் கதவுல போட்டுப் பாக்கலாம். நம்ம கதவு தெறந்துக்கிச்சு.”

சாயங்காலம் கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன சைஸ் என்ற விவரமெல்லாம் பூட்டிக்கிடந்தது. ஜீவா போன வாரம் நகல் எடுத்து வைத்த டிஸ்க் ஒன்றுதான் மிச்சம். அது அவள் தோள்பையில் இருந்தது.

டிசைன் பிரிவிலிருந்து சோபனா வேகமாக வந்தாள். “சார், என்னுது நல்லா ஓடுது. அது வேற மாதிரி கம்ப்யூட்டர். வைரஸே வராதுன்னு வாங்கும்போதே சொன்னாங்க.”

சுஹேலின் முகம் தெளிந்தது. “ஜீவா, டிஸ்க்க அதுல போடு.”

“வேணாம் சார். கம்மி பேர் வெச்சிருக்கிறதால அதைத் தேடி வர்றவனும் கம்மி, அவ்ளோதான். அதையும் பாஸ்வேர்டே இல்லாம எல்லாரும் ஃபைல் போட்டு எடுக்கத் தெறந்து வெச்சிருக்கோம். கட்டிங் பக்கம் இன்னும் வயர் புடுங்கல, அங்கேர்ந்து இதுலயும் பூந்து பூட்டிடும். இப்ப செருகினா டிஸ்க்கும் போய்டும்.”

“இத்தினி வருஷமா ஒண்ணும் ஆகலியே” என்றாள் சோபனா.

சுஹேல் கையை நீட்டினார். “குடு. பொறுப்பு என்னுது.”

ஜீவா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “குடுக்க மாட்டேன் சார். வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்பிடுங்க.”

பேக்கிங் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ரத்தினசாமி, அந்தப் பைய வாங்கு.”

வாசலில் நின்ற செக்யூரிட்டி ஓரடி எடுத்து வைத்து, ஜீவாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

“நானே காட்டுறேன், வாங்க” என்று சோபனா தன் அறைக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள். அவள் அடுத்த சீசன் டிசைன் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின. சோபனா ஒன்றை அழுத்தினாள். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை.

ஜீவா பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். அதற்குள் முக்கால்வாசி போயிருந்தது.

சுஹேல் நீட்டிய கையை எப்போது இறக்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. “உன் இஷ்டப்படி பண்ணு” என்று மட்டும் சொன்னார்.

ஜீவா ஒரு கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றி, வயர் எதுவும் இணைக்காமல் டிஸ்க்கைத் திறந்தாள். விவரங்கள் இருந்தன. பெண்கள் மார்க்கரால் பெட்டிகளில் எழுதினார்கள். கண்டெய்னர் மறுநாள் மதியம்தான் கிளம்பியது.

சோபனாவின் டிசைன்கள் டிஸ்க்கில் இல்லை.

“என்னுத மட்டும் ஏன் ஜீவா காப்பி எடுக்கல?”

“அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நானும்தான் நெனச்சேன்க்கா.”

சோபனா அடுத்த சீசன் சாம்பிள் செருப்பு ஒன்றை இழுத்து வைத்து, டிசைனைத் திரும்ப வரைய டேப்பால் அளக்கத் தொடங்கினாள்.