கத்தியும் ஈட்டியும்

லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். இதயத்துக்குள் ஒரு வாசல் ஒட்டிச் சுருங்கிவிட்டது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது, திறக்காவிட்டால் அதிக நாள் தாங்காது என்று கிளினிக் டொக்டர் சொன்னார். "கத்தியே படாதும்மா" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதால்தான் பெரியாஸ்பத்திரியில் வந்து படுத்தேன். நெஞ்சைப் பிளந்தால் அப்புறம் எப்படிக் கூடை தூக்குவது?

வந்த அன்றே சிங்கள நர்ஸ் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். "அம்மா, நாளைக்குக் காலையில கத்தீட்டர் போடுறது. பயம் வேணாம்."

கத்தி என் காதில் விழுந்தது. கூடவே ஈட்டியும் விழுந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் ஆஸ்பத்திரி உடுப்போடு செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கோபம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகத் தயாராக இருந்தது, மூச்சுதான் ஒத்துழைக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் கிருஷாந்தி என்னைப் பிடித்தாள். எங்கள் மலைப்பக்கத்துப் பொகவந்தலாவைப் பிள்ளை, அதே வார்டில் நர்ஸ்.

"நாகலெட்சுமியம்மா, எங்க கிளம்பிட்டீங்க?"

"கத்தி இல்லன்னு பொய் சொல்லிக் கூட்டியாந்து, இப்ப ஈட்டியும் சேத்தா வைக்கிறீங்க?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் உள்ளே போய், நர்ஸ் வேலை படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"இதுதாங்கம்மா கத்தீட்டர். வெறும் குழாய்."

தொட்டுப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன். நுனியில் ஒரு கூர்மையும் இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"இத எங்க விடுவீங்க?"

"தொடையில, ரத்தக் குழாய் வழியா. அப்படியே நெஞ்சுக்குப் போயிரும்."

"தொடைக்கும் நெஞ்சுக்கும் வழி இருக்கா?"

"பொறந்ததுலருந்து இருக்குங்கம்மா."

"அது வேற பக்கம் போயிட்டா?"

"டொக்டர் டிவியில பாத்துக்கிட்டேதான் தள்ளுவாரு. வாசலுக்குப் போனதும் நுனியில இருக்கிற பலூன ஊதுவாங்க. ஒட்டினது விரியும். பெறகு சுருக்கி எடுத்துருவாங்க."

"நானும் பாக்கலாமா?"

"நீங்க முழிச்சுக்கிட்டுதானே இருப்பீங்க."

இதைப் பார்க்காமல் பஸ் ஏறினால் என்னைவிட முட்டாள் யார்? திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, தொடை மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள். டிவியில் கறுப்புக் கோடு ஒன்று மெல்ல மேலே ஏறியது. எனக்குள்ளேதான் போகிறது, ஆனாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுக்குள் நுழைந்ததும் இதயம் இரண்டு தரம் தடுக்கியது. செத்தேன் என்றே நினைத்தேன். பலூன் உப்பி, நடுவில் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி நின்றது.

"அந்த ஒடுக்கந்தான் உங்க வாசல்" என்றார் குழாயைத் தள்ளிக்கொண்டிருந்த டொக்டர் மதுரன். இன்னும் கொஞ்சம் ஊதினார்கள். இடுப்பு மறைந்தது.

குழாயை வெளியே எடுத்த பிறகு டொக்டர் என் பக்கம் குனிந்தார். "இருக்க வேண்டியதுல கால்வாசிதான் திறந்திருந்திச்சு. இத வச்சுக்கிட்டு எப்படிம்மா மலை ஏறுனீங்க?"

மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா, என் புருஷன், பெற்ற மகள் எல்லாருமே இத்தனை வருடமாக என்னைக் கேட்டது "ஏன் ஏற மாட்டேங்குற?" என்றுதான். எப்படி ஏறினாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. படுத்தபடியே ஓவென்று அழுதேன். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கவில்லை.