கன்னத்தில் ஒரு கீறல்

பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுவதில் அவளை மிஞ்ச அந்த ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. வீல் வீலென்று கத்தும் குழந்தைகூட அவள் கைக்குப் போனால் அடங்கிவிடும். பிரசவ வார்டில் எல்லோரும் அவளைப் பாப்பா நர்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தக் கைகளைத்தான் அவள் ஒளித்துக்கொண்டு திரிந்தாள். நகங்கள் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்தன. நுனிகள் பிளந்து புடவையிலும் துண்டிலும் மாட்டின. வார்டில் ஓயாமல் சோப்பும் ஸ்பிரிட்டும், வீட்டுக்குப் போனால் பாத்திரம். கணவன் அவளைப் பூனை என்று கேலி செய்வான். "பூனை, முதுகு சொறிஞ்சு விடேன், உன் நகம் இருக்கறப்ப சீப்பு எதுக்கு" என்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

வார்டில் நெயில் பாலிஷ் கூடாது என்பது விதி. அவளோ பிளவு தெரியாமலிருக்க நிறமில்லாத பாலிஷைப் பூசி வந்தாள். உரிந்தால் ரிமூவரால் துடைத்துவிட்டு மறுபடி பூசுவாள். பூசப் பூச நகம் இன்னும் காய்ந்து பிளந்தது. கையுறை போட்டால் தண்ணீரின் சூடு பிடிபடவில்லை என்று அதையும் கழற்றிவிடுவாள்.

அன்று காலை குளிப்பாட்டியது ஒரு தலைச்சன் குழந்தையை. காதுக்குப் பின்னால் துடைக்கும்போது அவளுடைய கட்டைவிரல் நகத்தின் பிளந்த முனை கன்னத்தில் கோடு இழுத்துவிட்டது. மெல்லிய சிவப்புக் கோடு. குழந்தை உதட்டைப் பிதுக்கி அழுதது. அவள் அவசரமாக அதைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கட்டிலருகே இருந்த மாமியார்தான் முதலில் பார்த்தாள்.

"ஏம்மா, கன்னத்துல என்ன இது? கைக்கு உறை போட்டு விடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"குளிக்கப் போறதுக்கு முன்னாடிதான் அத்தை கழட்டினேன். பால் குடிக்கறப்ப விரலைப் பிடிச்சுக்கட்டுமேன்னு." இளம் தாய் நர்ஸைப் பார்த்தாள். "சிஸ்டர், அதோட நகம் பட்டா இப்படி ஆகுமா?"

உண்மையைச் சொல்ல அந்த ஒரு மூச்சு நேரம் போதும். நர்ஸ் வேறொன்றைச் சொன்னாள்.

"ஆகும்மா. குழந்தைங்க நகம் பிளேடு மாதிரி."

மத்தியானம் மருந்துத் தட்டுடன் வந்தபோது கட்டிலைச் சுற்றிக் கூட்டமாயிருந்தது. தாய் ஒரு குட்டிக் கத்தரிக்கோலால் குழந்தையின் நகத்தை வெட்டப் போய் விரல் நுனியை நறுக்கியிருந்தாள். வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டுகள். தலைமை நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணை எங்க வச்சிருந்த? பெத்து முழுசா ரெண்டு நாளாகல, அதுக்குள்ள குழந்தையை இந்தப் பாடு படுத்தறியே" என்று மாமியார் பொரிந்து தள்ளினாள். தாய் தேம்பினாள். "சிஸ்டர்தான் பிளேடு மாதிரின்னாங்க. அதான் வெட்டிடலாம்னு."

நர்ஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அவங்களைத் திட்டாதீங்க. காலையில கீறினது என் நகம். நான்தான் பொய் சொன்னேன்."

இரு கைகளையும் நீட்டினாள். பாலிஷ் பாதி உரிந்து, சிம்பு சிம்பாய் நின்ற பத்து நகங்களையும் எல்லோரும் பார்த்தார்கள். தன் உடம்பை யாரோ நடுத்தெருவில் நிறுத்தியதுபோல அவள் கூசிப் போனாள்.

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். பேசியது தாய்தான், குரலை உயர்த்தாமல்.

"காலையில அத்தை என்னைத் திட்டினப்ப இங்கதானே நின்னீங்க?"

"ஆமாம்மா."

"இனிமே என் குழந்தையைத் தொடாதீங்க."

தலைமை நர்ஸ் தனியறையில் அதிகம் திட்டவில்லை. "கையைச் சரி பண்ணிக்கிட்டு வா. அதுவரைக்கும் மருந்து அறை" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தோல் டாக்டரம்மா ரத்தம் சோதித்துப் பார்த்தாள். "ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. நகம் தண்ணில ஊறுது, காயுது, திரும்ப ஊறுது. அதுக்கு மேல ரிமூவர் வேற. பிளக்காம என்ன பண்ணும்? மத்தவங்களுக்குச் சொல்லித் தர்ற ஆளு நீங்க." நர்ஸ் தலை கவிழ்ந்தபடியே கேட்டுக்கொண்டாள். பாலிஷும் ரிமூவரும் அறவே கூடாது. கை கழுவினால் ஒற்றித் துடைத்து, ஈரம் போகுமுன் நகத்திலும் அதன் வேரிலும் வாஸ்லின் தடவ வேண்டும். குளித்ததும் நகம் மிருதுவாய் இருக்கும்போது ஒட்ட வெட்டி, நக அரத்தால் ஒரே பக்கமாக ராவ வேண்டும். முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. வீட்டு வேலைக்குப் பருத்தி உறை, அதன் மேல் ரப்பர் உறை. "பிளந்தது ஒட்டாது. புதுசா வளர்ந்துதான் வரணும். மாசக்கணக்காகும்."

வார்டில் நடந்ததை வீட்டில் சொன்னபோது கணவன் சிரிக்கவில்லை. பூனை என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான். "பாத்திரம் இனிமே என் இலாகா" என்று எழுந்துபோய், முதல் நாளே ஒரு கண்ணாடித் தம்ளரைப் போட்டு உடைத்தான்.

நகம் அவசரப்படவில்லை. மருந்துப் பெட்டிகளை அடுக்கும்போது பக்கத்து வார்டில் குழந்தை அழும். அவள் கை தானாக எழும், தானாகத் தாழும். யாராவது பாப்பா நர்ஸ் என்று கூப்பிட்டால் காது சுட்டது. வேரிலிருந்து வழவழப்பாய் எழும்பிய புது நகம் நுனியைத் தொட்ட பிறகு தலைமை நர்ஸ் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்து, மீண்டும் குளிப்பாட்ட விட்டாள்.

சில வாரம் கழித்துத் தடுப்பூசி வரிசையில் அந்தத் தாயைப் பார்த்தாள். குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. கன்னத்தில் ஒன்றுமில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தவள் நின்றாள். குழந்தை ஒரு கையில் இருக்க, பை தோளில் சரிய, தடுப்பூசிச் சீட்டைத் தேட முடியாமல் தாய் திணறினாள். நர்ஸ் அருகே போய், நகம் தெரியும்படி புறங்கையை மேலாக்கி இரு கைகளையும் நீட்டினாள்.

தாய் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். குழந்தையைச் சட்டென்று கொடுத்துவிடவில்லை. ஒவ்வொரு நகமாக நிதானமாகப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். நர்ஸின் முகம் சிவந்தது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்ச நேரம் பிடிங்க" என்றாள் தாய். சீட்டைத் தேடும்போதும் அவள் பார்வை குழந்தையின் மேலேயே இருந்தது.