வடக்கைத் தின்ற சிலேட்டு

க்ராஸ் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டின் மேல் ஆறு கிடையாது. பெய்த மழை பெய்த இடத்திலேயே சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். ஆனால் அடியில் எங்கோ ஓர் ஆறு ஓடுகிறது என்பது அங்கே தவழும் பிள்ளைக்கும் தெரியும். குளிர்க்குகையின் கடைசி மடுவில் அது மூழ்குவதைப் பார்த்திருக்கிறார்கள். கடலோரத்தில் ஊற்றாகப் பொங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். நடுவழியில் அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ட்ராகோவுக்கு அதைப் பார்த்துவிட வேண்டும். அவனுக்கு வேறு பேராசை இருந்ததாகத் தெரியவில்லை.

ட்ராகோ கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்பவன். வாரமெல்லாம் கல்லோடு மல்லுக்கட்டியது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புறாக்குகை என்ற இன்னொரு குகைக்குள் இறங்கி, ஆற்றுக்கு வழி தேடிக் களிமண் தோண்டுவான். கடப்பாரை பிடித்துப் பிடித்து வலது தோள் தேய்ந்துவிட்டது. அடுத்த ஜூன் மாதம் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் கடப்பாரையைக் கனவில்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, வரும் வசந்தத்துக்குள் ஆற்றைக் கண்டால் உண்டு. இல்லையென்றால் வேறு யாரோ காண்பார்கள், இவன் வீட்டில் உட்கார்ந்து கதை கேட்பான்.

எங்கே தோண்டுவது என்று சொல்ல வேண்டியவள் அவன் தங்கை நேவா. குகை ஆராயும் சங்கத்துக்கு வரைபடம் போடுபவள் அவள்தான். பிழைப்புக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர். "அஞ்சு நாள் பல்லு ஓட்டை, ஆறாவது நாள் மலை ஓட்டை. இவ ஜாதகமே ஓட்டை" என்று சங்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

இலையுதிர் காலத்தில் சங்கத்தின் மடிக்கணினி செத்துப்போனது. சங்கக் குடிசையில் காயப் போட்ட உடுப்புகளின் களிமண் தூசியை அதன் விசிறி வருடக்கணக்காக உள்ளே இழுத்திருந்தது. திருகுகளைக் கழற்றிப் பார்த்த நேவா, "உள்ள உருளைக்கிழங்கு நடலாம் போல இருக்கு" என்றாள். அடுத்து என்ன வாங்குவது என்று பேச, யோத்தா சூப்புச் சட்டியைச் சுற்றிச் சங்கம் கூடியது.

தலைவர் லோய்ஸேவுக்கு இன்னொரு மடிக்கணினியே போதும். "கனமா, கெட்டியா ஒண்ணு வாங்கு. தலையில போட்டாலும் உடையக்கூடாது."

"யார் தலையில?" என்றாள் நேவா. "அது குடிசையிலயே குந்திக்கிட்டு இருக்கும். நான் குகைக்குள்ள காகிதத்துல வரையணும், மேல வந்து அதையே மறுபடி அதுல வரையணும். ஒரே குகைய ரெண்டு தடவ பெத்தெடுக்கறேன், தெரியுமா? கூட வர்றது மாதிரி டேப்லெட் ஒண்ணு வாங்கலாம். பேனா வச்சு அதுலயே வரைவேன். மேல வந்ததும் விசைப்பலகைய மாட்டினா அதுதான் மடிக்கணினி."

"எம் பேரன்கிட்ட ஒண்ணு இருக்கு. கார்ட்டூன் பாக்கறான்."

"அது ஆகாது லோய்ஸே. நம்ம குகை புரோகிராம் விண்டோஸ்லதான் ஓடும். விண்டோஸ் இருக்கணும், விசிறி இருக்கக்கூடாது, பேனா இருக்கணும்."

"தபால்பெட்டில நுழையணும்" என்றான் ட்ராகோ, வாயில் ரொட்டியோடு.

அதுதான் பெரிய கேள்வி. புறாக்குகையின் நடுவில் தபால்பெட்டி என்று ஓர் இடுக்கு. மூச்சை விட்டுவிட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நுழைய வேண்டும். மூச்சை இழுத்தால் மாட்டிக்கொள்வோம். மறுநாளே ட்ராகோ வேலிக்கம்பியை வளைத்து அந்த இடுக்கின் அளவுக்கு ஒரு சட்டம் செய்து கொடுத்தான். நேவா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கோப்பெர் நகரத்துக் கணினிக் கடைக்குப் போனாள்.

கடைப்பெண் கேட்டாள்: "வீட்டுக்கா மேடம், ஆபீஸுக்கா?"

"குகைக்கு."

அதற்குமேல் அந்தப் பெண் கேள்வி கேட்கவில்லை. நேவா ஒவ்வொரு டேப்லெட்டையும் தன் குகைப்பையில் போட்டுக் கம்பிச் சட்டத்தின் வழியாக நுழைத்துப் பார்த்தாள். சேறு ஏறிய கையுறையை மாட்டிக்கொண்டு பேனாவால் கோடு இழுத்தாள். திரையில் தண்ணீர் தெளித்தபோது மேலாளரே ஓடி வந்தார். துளி விழுந்த இடமெல்லாம் யாரோ விரல் வைத்ததுபோலத் திரையின் ஜன்னல்கள் தானாகத் திறந்து மூடின. விரல் தொடுகையை அணைத்துவிட்டுப் பேனாவை மட்டும் வேலை செய்யவிட முடியுமா என்று கேட்டாள். முடிந்தது. பேனா விளிம்பில் பட்டென்று ஒட்டிக்கொண்டது. விசைப்பலகையும் அப்படியே, அருகே கொண்டுபோனாலே தாவிப் பிடித்தது. எவ்வளவு சமர்த்து என்று நேவா அதை இரண்டு மூன்று முறை கழற்றி ஒட்டிப் பார்த்தாள். கடை முழுக்க வேடிக்கை பார்த்தது.

"சிலேட்டு வாங்கிட்டு வந்துட்டா. இனி அ, ஆ எழுதிப் பழகலாம்" என்று ட்ராகோ வரவேற்றான்.

ஆனால் அந்தச் சிலேட்டு முதல் ஞாயிற்றுக்கிழமையே அவன் வாயை அடைத்தது. கையில் அடங்கும் லேசர் பெட்டி ஒன்று அவர்களிடம் உண்டு. சிவப்புப் புள்ளியைச் சுவரில் வீசினால் தூரம், திசை, சரிவு மூன்றும் சொல்லும். இப்போது அது சொன்னதெல்லாம் கம்பியில்லாமல் டேப்லெட்டுக்கு வந்து தானாகக் கோடாக விழுந்தது. நேவா மண்டியிட்டபடியே சுவர்களை வரைந்தாள். மேலே வந்து, குடிசை மேஜையில் விசைப்பலகையை மாட்டி, பழைய அளவுகளோடு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படத்தைச் சுழற்றினாள். புறாக்குகை முழுதாக எழுந்து, கறுப்பு வெளியில் மெல்லத் திரும்பியது. கிணறும் தாழ்வாரமும் இடுக்கும் ஒரே உடம்பாக இருந்தன.

லோய்ஸே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முப்பது வருடமாக வயிற்றால் ஊர்ந்து தெரிந்துவைத்த இடத்தை ட்ராகோ முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்தான். நெற்றி விளக்கு காட்டுகிற அளவுக்குமேல் எந்தக் குகையையும் எந்த மனிதனும் பார்த்ததில்லை.

"இதுக்குள்ளயா நாம இருந்தோம்?" என்றான் கடைசியில். குரல் கோயிலில் பேசுவதுபோலத் தணிந்திருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க நேவா தபால்பெட்டிக்கு அப்பால் கடைசி அறை வரை புதிதாக அளந்தாள். பக்கத்தில் குளிர்க்குகையின் பழைய படத்தையும் வைத்தாள். ஆறு மூழ்கும் மடுவிலிருந்து அது போகும் திசையை நீட்டினால், கடைசி அறையின் இடது சுவருக்கு அருகில் வந்தது. மிக அருகில்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. கடைசி அறையின் வலது மூலையில், பாறைக் குவியலின் இடுக்கிலிருந்து சில்லென்று காற்று வரும். ட்ராகோ அங்கேதான் தோண்ட வேண்டும் என்றான்.

"காத்து வர்ற இடத்துல வழி இருக்கும். நம்ம அப்பன் காலத்துலேர்ந்து இதுதான் கணக்கு."

"காத்து ஆயிரம் ஓட்டைல சுத்திட்டு வரும் அண்ணே. படம் இடதுன்னு சொல்லுது."

"படம் மூஞ்சில ஊதுமா?"

"உனக்கு இருக்கற தோளுக்கு ஒரே ஒரு இடம்தான் தோண்ட முடியும். காத்த நம்பி அத வீணாக்கப் போறியா?"

தங்கை முகத்தையே பார்த்தான். "சரி. நீ கை காட்டு, நான் தோண்டறேன்" என்றான்.

தோண்டினான். மார்ச்சில் களிமண் வந்தது. ஏப்ரலில் பாறை வந்தது. பிறகும் பாறைதான். விரிசல் இல்லாத, ஈரம்கூட இல்லாத, முழுப் பாறை. "மலையைக் கெல்லி எலியைக்கூடப் பிடிக்கல" என்று லோய்ஸே முணுமுணுத்தார். ட்ராகோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வலது கை எழும்பாதபோது இடது கையால் அடித்தான். அவன் திட்டியிருந்தால் நேவாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் முதுகைப் பார்க்க முடியாமல் அவள் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ராணுவத்தில் கொடுத்த பழைய திசைகாட்டியை எடுத்தான்.

"உன் மேல சந்தேகம் இல்ல. சும்மா ஒரு தடவ இவனையும் கேட்டுப் பாக்கறேன்."

வெளிச்சத்துக்காக அதை அவள் மடியிலிருந்த டேப்லெட்டின் மேல் வைத்தான். முள் சற்றே ஆடியது. பிறகு தலையைத் திருப்பி, விளிம்பில் ஒட்டியிருந்த பேனாவைக் காட்டி நின்றது. ட்ராகோ திசைகாட்டியைக் கையில் தூக்கினான். முள் வேறு பக்கம் போனது. திரும்ப வைத்தான். மறுபடியும் பேனா.

நேவாவுக்குப் புரிந்துவிட்டது. காந்தம். பேனாவைப் பிடித்து வைப்பது காந்தம், விசைப்பலகையைப் பிடிப்பது காந்தம். அவள் வாய்பிளந்து ரசித்த அந்தச் சமர்த்தெல்லாம் காந்தம். திசை சொல்லும் லேசர் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு திசைகாட்டிதான். காகிதக் காலத்தில் லேசர் பெட்டியைக் கை நடுங்காமல் இருக்க வரைபலகையின் மேல் வைத்து அளப்பாள். பலகை வெறும் மரம். பழகிய கை சும்மா இருக்குமா? பலகை போய் டேப்லெட் வந்த பிறகும் அதன் மேலேயே வைத்து அளந்திருக்கிறாள். குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு கோடும்.

இரும்புத் தொப்பியோடு வந்தவர்களைக்கூட அளக்கும்போது தள்ளி நிற்கச் சொல்கிறவள் அவள்!

"உன் சிலேட்டு வடக்கைத் தின்னுக்கிட்டு இருக்குடி" என்றான் ட்ராகோ.

"அண்ணே... என்னால உன் தோளு..." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ட்ராகோவுக்குக் கோபம் வந்தது. கடப்பாரையை எடுத்து அந்த இடது சுவரை ஓங்கி ஓர் அடி அடித்தான். "இது உனக்கில்ல, இந்தப் பாறைக்கு" என்றான். பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்தான். "அழுது முடிச்சியா? பெட்டிய எடு. திரும்ப அளக்கலாம். அதைத் தூரப் போடு."

டேப்லெட்டைப் பையின் மேல் தள்ளி வைத்துவிட்டு, லேசர் பெட்டியைக் கல்லில் ஊன்றி, கடைசி அறையிலிருந்து பின்னோக்கித் தபால்பெட்டி வரை, சுவர் வரையாமல் தூரமும் திசையும் மட்டும் அளந்துகொண்டே போனார்கள். சிவப்புப் புள்ளி ஒவ்வொரு முறை சுவரைத் தொடும்போதும் தள்ளியிருந்த திரையில் ஒரு கோடு விழுந்தது. முடிந்ததும் நேவா பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள்.

குகை திரும்பியது. உறங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல, தபால்பெட்டிக்கு அப்பாலிருந்த பகுதி மொத்தமும் நகர்ந்து போனது. ஆற்றின் கோடு இப்போது இடது சுவருக்குப் பக்கத்தில் இல்லை. வலது மூலைப் பாறைக் குவியலுக்குப் பின்னால், காற்று வரும் இடத்தில் இருந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காற்றும் படமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. மலைக்குள் இருக்கும் ஒன்றை, யாருமே காணாத ஒன்றை, கண்ணாடித் துண்டு ஒன்று பார்த்துச் சொல்கிறது. அதை ஏமாற்றியதும் அவள்தான், திருத்தியதும் அவள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கமே இறங்கியது. லோய்ஸேகூடத் தபால்பெட்டியில் வயிற்றை எக்கிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் கல்லை இழுத்தார்கள்; எந்தக் கல்லை உருவினால் குவியல் தலையில் சரியாது என்று சொல்வது மட்டும் ட்ராகோவின் வேலை. ஆனால் அவன் சொல்லோடு நிற்பவனா? மே மாதக் கடைசியில், பெரிய கல் ஒன்று அவன் கடப்பாரைக்கு அசைந்து, அந்தப் பக்கமாக விழுந்தது. விழுந்த சத்தம் உடனே வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். மிகத் தாழ்விலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், நிற்காமல்.

"தண்ணி" என்றார் லோய்ஸே.

தோண்டியவன் முதலில் போக வேண்டும் என்பது அவர்கள் முறை. அளக்காமல் அடியெடுத்து வைக்கக்கூடாது என்பதும் அவர்கள் முறை. இத்தனை காலம் காத்த ட்ராகோ ஓட்டையில் நெஞ்சுவரை நுழைந்து விளிம்போடு நிறுத்திக்கொண்டான். நேவா அவன் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தாள். டேப்லெட்டை லோய்ஸே பின்னால், தொலைவில், குழந்தையைப்போல ஏந்தி நின்றார்.

நேவா எதிரே புள்ளியை வீசினாள். புள்ளி எங்கும் விழவில்லை. பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

"மறுபடி வீசு."

மேலே வீசினாள். இடது. வலது. கூரையும் இல்லை, சுவரும் இல்லை.

"லோய்ஸே, திரைல என்ன வந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. கோடு உங்ககிட்ட வந்து நின்னுருச்சு. அப்புறம் வெறும் கறுப்பு."

ட்ராகோ தன் விளக்கைக் கீழே சாய்த்தான். புகைபோல ஈரம் மிதந்துகொண்டிருந்தது. அதற்கும் கீழே, ஆழத்தில், வெளிச்சம் எதன் மேலோ பட்டு நெளிந்தது. நெளிந்து, நகர்ந்து, போய்க்கொண்டே இருந்தது. மேலே அத்தனை வறண்ட கல்லும் முட்செடியும் இருக்க, அடியில் யாருக்காகவும் காத்திராமல் அது இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஓடுது" என்றான். "நேவா, ஓடுதுடி."

அவன் வலது கையை முழுதாக நீட்டி அதைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கை இப்படி நீண்டு மாதக்கணக்காகிறது. நேவா பயந்துபோய் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணே, கைய இறக்கு. தோளு வலிக்கலையா?"

ட்ராகோ கீழிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தத் தோளு?" என்றான்.