பிடித்தால் விடாத வைஸ்

வேலை மேசையில் இரும்பைத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கிற வைஸ் நழுவுகிறது என்று முதலில் சொன்னவள் சாந்தினாதான். அவள் கணவன் ஃபிர்மோ அப்படி நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில், அவனுக்கு வேலை தரும் துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஒரு இரட்டைக் குழலைத் திருப்பி அனுப்பினார். குழல்களைத் துப்பாக்கியின் இரும்பு உடலோடு பொருத்துவது ஃபிர்மோவின் வேலை. இரும்பின் மேல் விளக்குக் கரியைப் புகையாகப் பிடித்து, குழலை மூடித் திறந்து பார்ப்பான். கரி ஒட்டிய இடத்தில்தான் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கின்றன. குழலின் அடியில் இருக்கும் கொக்கியில் அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு மயிரிழை எடுப்பான். மறுபடி புகை, மறுபடி அரம். கடைசியில் கரி எங்கும் சீராகப் படரும். அப்படிப் பொருந்திய துப்பாக்கியை மூடினால் நகைப்பெட்டி மூடி விழுகிற மாதிரி மெத்தென்று ஒரு சத்தம் வரும். துப்பாக்கி செய்கிற அந்தக் கார்தோனே ஊரில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டே, "இது ஃபிர்மோ கை" என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.

திரும்பி வந்த குழலை உடலோடு மூடி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபோது, இரண்டுக்கும் நடுவில் கோடாக வானம் தெரிந்தது. ஃபிர்மோ பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான். சூப் கிண்ணத்தின் மேல் அவன் கரண்டி நடுங்குவதை சாந்தினா கோடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தானைப் போட அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதையும் பார்த்திருந்தாள். இருந்தும் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொல்லிவிட்டாள்:

"வைஸ்தான் நழுவுது. உங்கப்பா காலத்து வைஸ். அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

வெள்ளத்தில் போகிறவன் துரும்பைப் பிடிப்பது போல ஃபிர்மோ அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த குழல் திரும்பியபோது அவனே சொன்னான், வைஸ் நழுவுது என்று. அதற்கடுத்ததும் திரும்பியது. டாக்டரைப் பார்க்கலாமா என்று அவள் மெல்லக் கேட்டபோது சிரித்தான்.

"வைஸுக்கு டாக்டர் எதுக்குடி?"

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பட்டறைக்காரர் சாந்தினாவை ஒதுக்குப்புறமாக அழைத்தார். இன்னும் ஒரே ஒரு குழல் அனுப்புவதாகச் சொன்னார். நல்ல குழல், பெரிய இடத்துக்குப் போவது. அதுவும் திரும்பினால் அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழல் வந்தது. ஃபிர்மோ அதை எண்ணெய்த் துணியிலிருந்து பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைத்தான்.

"இதை அந்தப் பாழாப்போன வைஸுல வைக்க மாட்டேன். போர்த்தோலோ கடைக்குப் போவோம், வா. இருக்கறதுலயே நல்லது வாங்கணும்."

சாந்தினா தலைமுக்காட்டைக் கட்டிக்கொண்டு கூடவே போனாள். சோதனைக் கூடத்தில் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கிற சத்தம் மலையில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. வழி முழுக்க அவள் மனதில் ஒரே வேண்டுதல்தான்: கடையில் நல்ல வைஸ் இருக்கக் கூடாது. நழுவுகிற வைஸாக, ஆடுகிற வைஸாக ஒன்று வாங்கிவிட்டால் போதும், இன்னும் கொஞ்ச நாளைக்கு அதன் தலையில் பழியைப் போடலாம். குறையே இல்லாத வைஸை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அப்புறம் எதைக் குறை சொல்வது?

போர்த்தோலோ ஃபிர்மோவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது பெஞ்சு கொள்ளாத உடம்பு.

"வாடா வா! என் சாவு மணி அடிச்சாத்தான் இந்தப் பக்கம் வருவேன்னு நெனச்சேன்."

"உன் சாவுக்கு வர்றதா இருந்தா நாலு ஆள் கூட்டிட்டு வந்திருப்பேன். உன்னைத் தூக்க ஒருத்தனால ஆகுமா? வைஸ் காட்டு."

"உங்கப்பா வைஸ் என்னாச்சு?"

"நழுவுது."

"அதா? மெல்லா ஆறு மலைமேல ஏறுதுன்னு சொல்லு, நம்பறேன். அந்த வைஸு…"

சாந்தினா அவனை ஒரு பார்வை பார்த்தாள். போர்த்தோலோ சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

முதலில் காட்டியது நீலச் சாயம் பூசிய வைஸ். சாந்தினா முந்திக்கொண்டாள்.

"இதுவே நல்லாத்தானே இருக்கு? பாக்கவும் லட்சணமா இருக்கு."

"வைஸ் பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" ஃபிர்மோ விரல் முட்டியால் அதைத் தட்டினான். சத்தம் உள்ளேயே அடங்கியது. "கேட்டியா? விரிசல் விட்ட பானை. வார்ப்பிரும்பு. ஓங்கி ஒரு தட்டு தட்டினா தாடை தனியா வந்துடும்."

"நீ எதுக்கு ஓங்கித் தட்டப்போற?"

"தட்டாம வேலை செய்ய இது என்ன தையல் மெஷினா?"

இரண்டாவது அடித்துச் செய்த எஃகு. தட்டியபோது கணீரென்றது. ஃபிர்மோ தாடைகளுக்கு நடுவில் ஒரு இரும்புத் துண்டை வைத்து இறுக்கினான். இறுக்கிக்கொண்டே, நகரும் தாடை சட்டத்தோடு சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்தான். விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"தலையைத் தூக்குது பாரு. இறுக்க இறுக்க மேல எழும்புது. மயிரளவு எழும்பினாப் போதாதா, வச்ச மட்டம் போச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றான் போர்த்தோலோ குனிந்து பார்த்து.

"உனக்கு உன் வயித்துக்குக் கீழ எதுவும் தெரியாது. விரலை வச்சுப் பாரு."

போர்த்தோலோ விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். சாந்தினா வேறு பக்கம் பார்த்தாள். அந்த விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மயிரிழை எழும்புவதுகூடத் தெரிந்திருந்தது. தான் ஆடுவது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

"வேற?" என்றான் ஃபிர்மோ.

போர்த்தோலோ தயங்கிவிட்டு உள்ளே போய், சாக்கில் சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். சாயம் இல்லை, மினுக்கு இல்லை. மழைக்கால வானத்தின் நிறம். ஃபிர்மோ தட்டினான். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு காதில் நிற்குமே, அப்படி ஒரு சத்தம் நின்றது. கைப்பிடியைச் சுற்றினான். வெண்ணெயில் கத்தி போவது போலத் தாடை போனது. இறுக்கிப் பார்த்தான். தலை எழும்பவில்லை.

"காகிதம் குடு."

சிகரெட் சுற்றும் காகிதத்தைப் போர்த்தோலோ நீட்டினான். தாடையின் நாலு மூலையிலும் ஒவ்வொரு காகிதத்தை வைத்து, லேசாக மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று உருவிக்கொண்டு வந்தால் தாடை கோணல். வைஸ் வாங்குகிற எல்லோரும் செய்கிற சோதனைதான்.

முதல் காகிதம் ஃபிர்மோவின் விரல்களுக்குள் விளக்கில் விழுந்த பூச்சி மாதிரி படபடத்தது. எப்படியோ வைத்துவிட்டான். இரண்டாவது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான். கடைசிக் காகிதம் மூலைக்குப் போகவே மாட்டேன் என்றது. கடையில் காகிதத்தின் சரசரப்பைத் தவிர வேறு சத்தமே இல்லை. போர்த்தோலோ திருகாணி அடுக்கின் பக்கம் திரும்பி, அடுக்கியிருந்த பெட்டிகளையே மறுபடி அடுக்க ஆரம்பித்தான்.

"ஒண்ணாவது வரட்டும், மாதாவே," என்று சாந்தினா மனசுக்குள் கேட்டாள். "ஒரே ஒண்ணு உருவிக்கிட்டு வரட்டும்."

ஃபிர்மோ இழுத்தான். காகிதம் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. ஒன்றுகூட உருவிக்கொண்டு வரவில்லை.

"கிழிஞ்சுது! எல்லாம் கிழிஞ்சுது, சாந்தினா!"

பல மாதமாக அவன் முகத்தில் அவள் பார்க்காத வெளிச்சம் அது. சவப்பெட்டி முன்னால் நிற்பவள் மாதிரி அவள் நின்றாள்.

"தாடையில பல்லு இருக்கே. குழலைக் கடிச்சுடாதா?"

"வாதுமைக் கட்டை போட்டு, மேல தோல் ஒட்டுவேன். பச்சப்புள்ளையைக்கூட இதுல வைக்கலாம்."

"ரொம்பக் கனமா இருக்கு."

"கனமா இல்லாம? வைஸ் வாங்க வந்தோமா, விசிறி வாங்க வந்தோமா?"

பணத்தை எண்ணி வைத்துவிட்டு, தள்ளுவண்டி இரவல் கேட்க அவன் எதிர்க் கடைக்குப் போனான். சின்னப் பையன் போல ஓடித்தான் போனான். போர்த்தோலோ குரலைத் தாழ்த்தினான்.

"எப்பலேர்ந்து?"

"கோடையிலேர்ந்து."

"அவனுக்குத் தெரியுமா?"

"வைஸுன்னு நெனச்சுட்டிருக்கான். நான்தான் சொன்னேன்."

போர்த்தோலோ பணத்தைப் பார்த்தான், வைஸைப் பார்த்தான். "அப்ப இதை நான் விக்கல. வேற யாருக்கோ பேசி வச்சதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லு போர்த்தோலோ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஃபிர்மோ வண்டியோடு வந்ததும் போர்த்தோலோ தொண்டையைச் செருமினான்.

"ஃபிர்மோ, மறந்தே போயிட்டேன். இது ஒருத்தருக்குப் பேசி வச்சது."

"யாருக்கு?"

"ஒரு… ஒரு ஆளுக்கு."

"ஆளுக்குத்தான் வைஸ் விப்பாங்க, கழுதைக்கா விப்பாங்க? பேர் சொல்லு." ஃபிர்மோ காத்திருந்தான். போர்த்தோலோவின் முகம் சிவந்தது. "இந்தப் பள்ளத்தாக்குலயே பொய் சொல்லத் தெரியாத வியாபாரி நீ ஒருத்தன்தான்டா. இந்தப் பக்கம் புடி, தூக்கு."

போர்த்தோலோ பிடித்துத் தூக்கினான். வண்டியில் வைத்த பிறகு சாந்தினாவைப் பார்க்காமல் சொன்னான்: "நல்ல வைஸ்டா. புடிச்சா விடாது."

வீட்டில் ஃபிர்மோ பழைய வைஸைக் கழற்றி மேசைக்கடியில் வைத்து, அதன் தாடைகளை முழுதாக மூடினான். மாலையில் வேலை முடிந்து போகும்போது தாடைகளை ஒரு விரல் அகலம் திறந்து விட்டுத்தான் இங்கே எல்லோரும் போவார்கள். முழுதாக மூடினால் அதில் இனி வேலை இல்லை என்று அர்த்தம். ஃபிர்மோவின் அப்பா செத்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து மூடினார், ஃபிர்மோ மறுநாள் திறந்தான்.

புதிய வைஸைப் பொருத்தி, அதன் மேல் முழங்கையை ஊன்றி, முஷ்டியை மோவாய்க்குக் கீழே வைத்துப் பார்த்தான். முஷ்டி மோவாயைத் தொட்டது. உயரம் சரி. முஷ்டி மோவாயில் தட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் குழலை வைத்தான். வாதுமைக் கட்டைகளுக்கு நடுவில் அது பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது. இறுக்கிவிட்டு, கட்டையிலிருந்து குழல் மேல் வரை குறுக்காக ஒரு பென்சில் கோடு போட்டான். கோடு கோணலாகத்தான் விழுந்தது.

"இப்ப நழுவினா கோடு ரெண்டாப் பிரியும். போர்த்தோலோவைக் கழுத்தைப் புடிச்சுடறேன்."

சாந்தினா சமையலறையில் சோளமாவுக் களியான பொலெந்தாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் அந்த அரம். ஒரே நீள மூச்சாகப் போய்த் திரும்பும். இன்று அது போகிற வழியில் திக்கியது. நின்றது. மறுபடி போய்த் திக்கியது. அடி பிடிக்கிறது என்று தெரிந்தும் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். விளக்கு ஏற்றுகிற வாசனை வந்தது. பிறகு குழலை மூடுகிற சத்தம். டொக். பக்கத்து வீட்டுக் கதவு மாதிரி, டொக்.

மறுபடி அரம். மறுபடி புகை. டொக்.

அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் போய்ப் பார்த்தபோது குழல் வைஸில் இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கொக்கியின் ஓரங்கள் மட்டும் உருண்டு மழுங்கியிருந்தன. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது. கட்டையிலிருந்து குழலுக்குப் போன பென்சில் கோடு எங்கும் பிரியாமல் ஒரே கோடாக இருந்தது.

"நழுவல," என்றான்.

அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"பழசும் நழுவல, இல்ல?"

"இல்ல."

"நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாக்க முடியல, ஃபிர்மோ."

அவன் திரும்பினான். "இப்ப பாரு," என்றான்.

பார்த்தாள். கோபப்படுவான், அழுவான் என்று நினைத்திருந்தாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. குழலைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றினான். துணியின் முனையைக் கட்ட முடியவில்லை. அவள் கட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாதுமைக் கட்டைகளை எடுத்து ஜன்னலோரம் வைத்தான். வெறும் தாடைகளை மூடினான். கைப்பிடியைச் சுற்றினான், பிறகு இரண்டு கையாலும், பிறகு உடம்பைச் சாய்த்து. இரும்பு முனகியது. அதன் பிறகு குழலை எடுத்துக்கொண்டு பட்டறைக்காரர் வீட்டுக்குத் தானே போனான்.

அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு சாந்தினா வைஸிடம் வந்தாள். ஒரு விரல் அகலம்தான். அவன் வருவதற்குள் ஒரு விரல் அகலம் திறந்து வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். எதற்குப் போதும் என்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பிடியைத் தள்ளினாள். அசையவில்லை. கீழிருந்து தோளைக் கொடுத்து நெம்பினாள். மேசையில் ஒரு காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் கைப்பிடியில் தொங்கவிட்டாள். சூப் கரண்டியைப் பிடிக்க முடியாத கை இறுக்கியது இது.

சோதனைக் கூடத்தில் சுட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது. தாடைகள் அதிரவில்லை. அடுப்பிலிருந்து கருகல் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் கைப்பிடியை விட்டுவிட்டு, சிவந்துபோன உள்ளங்கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடித்தால் விடாது என்று சொன்ன போர்த்தோலோவுக்குப் பொய் சொல்லத்தான் தெரியாதே. பிடித்தது, விடவில்லை.