முத்திரைப் பாட்டுக்கு மூன்று பூட்டுகள்

கோணமாமலை உறையும் ஈசன்மீது செல்லத்தம்பி பாடிய முதற்பதிகம் சீடி இறுவட்டாக வெளிவந்த ஆண்டில், அது குடாவைச் சுற்றி ஓடும் பஸ்களிலெல்லாம் ஒலித்தது. பாடியவர் பெயர் மட்டும் ஒலிக்கவில்லை. முன்னோர் வகுத்த மரபுப்படி அவர் தம் பெயரை முத்திரையாகக் கடைசிப் பாட்டில் பதித்திருந்தார். மூதூர்ப் பஸ்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் சஜீத்தோ, எந்த இறுவட்டானாலும் கடைசிப் பாட்டைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் தம் கடை விளம்பரத்தைச் சேர்ப்பவர். கிளிவெட்டியில் ஒருவர் செல்லத்தம்பியிடமே அப்பதிகத்தைப் புகழ்ந்து, "ஆர் பாடினதோ தெரியாது, செத்து நூறு வருசமாவது இருக்கும்" என்றார்.

ஆன்றோர் வரிசையில் சேர்க்கப்படுவது பெருமைதான். உயிரோடிருப்பவருக்கு அது போதவில்லை.

ஆகவே, இரண்டாம் பதிகத்தை எவரும் பிரதி எடுக்க இயலாதபடி பூட்டித் தரவேண்டும் என்று, துறைமுகத்தருகே ஒலிப்பதிவுக் கடை வைத்திருக்கும் சரீப்பிடம் வந்தார். சரீப் மூவகைப் பூட்டுக்கும் மாதிரி செய்தார். உடைத்துப் பார்க்கும் பொறுப்பை அவர் மனைவி லைலா விரும்பி ஏற்றுக்கொண்டார்.

முதற்பூட்டில், பாட்டுகள் முடியும் இடத்துக்கு வெளியே, வட்டின் விளிம்போரமாக ஒரு பொய்ப்பகுதி எழுதப்பட்டிருந்தது. பாட்டுப்பெட்டி அதைப் பொருட்படுத்தாது. கம்பியூட்டர் அதை நம்பி வழிதவறும். லைலா கறுப்பு மாக்கர் பேனையால் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் கீறினார். பொய் மறைந்தது, பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்று மட்டும் வரவில்லை. மாக்கரின் முனை தடிப்பானது; விளிம்பை ஒட்டியிருந்த கடைசிப் பாட்டையும் மை மூடிவிட்டது.

"உங்கட பேர்தான் ஐயா மைக்குள்ள போயிட்டு," என்றார் லைலா, சிரிப்பை அடக்கியபடி.

இரண்டாம் பூட்டு, வட்டு உள்ளே சென்றவுடன் கம்பியூட்டருக்குள் தானே புகுந்து காவல் நிற்கும் ஒரு நிரல். வட்டு நுழையும்போது லைலா விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்திப் பிடித்தார், காவலன் துயிலெழவேயில்லை. மூன்றாவதில் வேண்டுமென்றே பிழைகள் பொதிக்கப்பட்டிருந்தன. அதைக் கம்பியூட்டர் வாசிக்கவே மறுத்தது, லைலா தோற்றார். செல்லத்தம்பி அகமகிழ்ந்து அதைக் கோயிலுக்குக் கொண்டுசென்றார். கோயிலின் பழைய பாட்டுப்பெட்டியும் அதை வாசிக்க மறுத்தது. சஜீத்துக்கு மட்டுமன்றி ஈசனுக்கும் சேர்த்துப் பூட்டிவிட்டதை உணர்ந்து அவர் கடைக்குத் திரும்பினார்.

"பேர்ப் பாட்டை முதல்ல வைங்களன் ஐயா. சஜீத் வெட்டுறது கடைசியைத்தானே," என்றார் லைலா.

"ஏலாது தங்கச்சி. முத்திரை கடைசியிலைதான் வரவேணும். முன்னுக்கு வைச்சா அது ஆணவம்."

"அப்ப கடைசியே இல்லாமப் பாடுங்க."

செல்லத்தம்பி பதிக ஏட்டை மீண்டும் விரித்தார். மரபில் அதற்கும் இடம் இருந்தது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகி, பத்தாவதன் முடிவு முதலாவதன் முதலோடு வந்து கூடும் அந்தாதியாகப் பதிகத்தை மாற்றிப் பாடினார். வளையத்துக்கு முதலுமில்லை, கடைசியுமில்லை, எங்கிருந்தும் தொடங்கலாம். முத்திரைப் பாட்டிலிருந்து தொடங்கினார்.

ஆயினும் வட்டுக்குக் கடைசி என்று ஒன்று உண்டே. சஜீத் அங்கே காத்திருப்பாரே. அந்தக் கவலை தீருமுன்னரே விழாச் சபைத் தலைவர் குணமணி வந்தார். தம்மைப் புகழ்ந்து ஒரு பாட்டுச் சேர்த்தால்தான் இறுவட்டைக் கோயிலில் போட விடுவதாகச் சொன்னார். ஈசனைப் பாடிய நாவால் மனிதரைப் பாடுவதில்லை என்பது செல்லத்தம்பியின் விரதம். அன்று அவர் சற்றும் தயங்காமல் இசைந்தார்.

"பத்தும் முடிய, தனியா, கடைசியிலை வைக்கிறன்," என்றார்.

தனியிடம் கிடைத்ததில் குணமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்த்திருவிழா நெருங்கியபோது இருவரும் மூதூர் பஸ்ஸில் சேர்ந்து பயணம் செய்ய நேர்ந்தது. முதற்பாட்டிலேயே செல்லத்தம்பியின் பெயர் ஒலித்தது. முன் கதிரையில் அமர்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார். பத்தும் பாடி முடிந்து வளையம் பழுதின்றிக் கூடியது. குணமணி நிமிர்ந்து அமர்ந்தார். உடனே சஜீத்தின் குரல், கைத்தொலைபேசிகள் நம்பிக்கையோடு திருத்திக் கொடுக்கப்படும் என்று அறிவித்தது.

"என்ர பாட்டு எங்கை?" என்று கேட்டார் குணமணி.

"பூட்டுப் போடாமல் விட்டது பிழையாப் போச்சுது, தலைவர்," என்றார் செல்லத்தம்பி, மிகுந்த வருத்தத்தோடு.