ராஜகோபாலனின் வலது கால்

ராஜகோபாலனின் மரத்துப்போன வலது கால் ஏழு மாசம் கழித்து முதன்முதலாக அசைந்தது, அவர் மனைவி அபிதகுஜாம்பாள் கேம்ப் ரோட்டில் ஓர் எருமை மாட்டின் மேல் காரை விடப் போன நொடியில்தான். எருமையும் காரும் கேம்ப் ரோட்டில் இருந்தன. கால் ராஜகீழ்ப்பாக்கத்தில், கட்டிலில் கிடந்தது. கால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஒரு மிதி மிதித்தது, அங்கே கார் குலுங்கி நின்றது. எருமை தன் பாட்டுக்கு ரோட்டைக் கடந்து போயிற்று. தக்காளி கிலோ நாற்பது ரூபாய் விற்ற வாரம் அது, எங்கள் காலனியில் எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ராஜகோபாலன் கிண்டியில் ஒரு வால்வு கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கார் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது, அதை எங்களில் ஒருத்தரிடமாவது சொல்லாமல் விட்டதும் கிடையாது. அந்த முப்பது வருஷமும் அபிதகுஜாம்பாளின் இடம் இடது சீட்டு. மடியில் பழப்பை, கையில் அவருடைய கண்ணாடிக் கூடு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, ஹெட்மிஸ்ட்ரஸாக ரிடையர் ஆனவள். ஒருதரம் தானும் கார் கற்றுக்கொள்கிறேனே என்று கேட்டதற்கு, உனக்கு எதுக்கு, நான்தான் இருக்கேனே என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பிரியமாகத்தான் சொன்னார், அதனால்தான் அவளால் மேற்கொண்டு பேச முடியாமல் போயிற்று. பிறகு ஒரு சித்திரை மாசம் குளியலறையில் விழுந்தார். ஸ்ட்ரோக். பேச்சு திரும்பியது, கையும் திரும்பியது, வலது கால் மட்டும் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை கட்டையாகக் கிடந்தது. கார் உறைக்குள் போயிற்று, அதன் அடியில் தெருப் பூனை இரண்டு ஈற்று குட்டி போட்டது. ஐப்பசி மழையில் ஒருநாள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூப்பிட்ட டாக்ஸிகள் ஒவ்வொன்றும் பாதி வழியில் மனசு மாறி ரத்தாக, அவள் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாசலில் தொப்பலாக நனைந்து நின்றாள். சொந்தக் கார் பின்னால் உறைக்குள் சொகுசாக நின்றது. மறுநாளே பாட்சாவின் டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பேர் கொடுத்தாள். அறுபது வயசு முடிந்திருந்தது.

ஓட்டப் பழக்கும் காரில் இடது பக்கத்து ஆளுக்கும் ஒரு பிரேக் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றை மிதித்தால் மற்றதும் கூடவே இறங்கும். எருமையிடமிருந்து தப்பியதும் அபிதகுஜாம்பாள் பாட்சாவுக்கு நன்றி சொன்னாள். பாட்சா, பரவால்லக்கா, நல்லா டக்குனு மிதிச்சீங்க என்று அவளைப் பாராட்டினான். இருவரும் மரியாதைக்கு அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் மறுநாள் அகரம்தென் ரோட்டில், முன்னால் ஒரு காக்காய்கூட இல்லாத இடத்தில், கார் சடாரென்று நின்றது. அதற்கு மறுநாள் சேலையூரில் பள்ளிக்கூட வாசல் வருவதற்குக் கால் மைல் முன்னாலேயே நின்றது. டீச்சராக இருந்தவள் அல்லவா, சந்தேகத்தை மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள். என் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நேராகச் சொல்லிவிடு என்று பாட்சாவிடம் கேட்டேவிட்டாள். பாட்சா செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கார் கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. இரண்டு பிரேக்கும் இறங்கியிருந்தன, இரண்டின் மேலும் கால் இல்லை.

"நீங்களே பாருங்கக்கா, என் காலு சீட்டு மேல கீது. வண்டி தானா நின்னுகினா நான் இன்னா பண்றது?" என்றான் பாட்சா.

முடிச்சை அவிழ்த்தது மாஹிரா. காலை நேரத்தில் வந்து ராஜகோபாலனின் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். முதல் தடவை கால் கட்டிலை மிதித்தபோது அவள் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. இந்தத் தடவை உதை நேராக அவள் தோளில் விழுந்தது. வலியைவிட சந்தோஷம் அதிகமாகி அபிதகுஜாம்பாளுக்கு போன் போட்டாள். அங்கே கார் நின்றதும் இங்கே கால் உதைத்ததும் ஒரே நேரம் என்று இரண்டு பெண்களும் போனிலேயே கண்டுபிடித்தார்கள். ராஜகோபாலனும் ஒப்புக்கொண்டார். மனைவி கிளம்பிப் போனதும் தான் கண்ணை மூடிக்கொண்டு அவளோடு மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போவதாகவும், ஆபத்து என்று தோன்றும் இடத்தில் பிரேக்கை மிதிப்பதாகவும் சொன்னார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெறும் தரையை மிதிக்காத புருஷன் உலகத்தில் உண்டா என்ன. இவர் மிதித்தது வேலை செய்தது, வித்தியாசம் அவ்வளவுதான். என்ன சங்கடம் என்றால், அவர் மிதித்தது அவள் இருந்த இடத்துக்கு அல்ல, அவள் இருப்பதாக அவர் நினைத்த இடத்துக்கு. அதைச் சரிசெய்ய மாஹிரா அவருடைய போனில் அபிதகுஜாம்பாள் போகும் இடம் நீலப் புள்ளியாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொடுத்தாள். அது இன்னும் பேஜாராகப் போயிற்று. செம்பாக்கம் பக்கம் போகும்போது புள்ளி வழுக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கியது, அவர் இரண்டு கையாலும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மிதித்த மிதியில் வேளச்சேரி ரோட்டில் அரை மணி நேரம் போக்குவரத்து நின்றது.

இதில் மாஹிராவுக்குக் கொண்டாட்டம். மருந்து மாத்திரை எழுதுகிற மாதிரி, காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை ஓட்டச் சொன்னாள். முடிந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில், லாரி வருகிற நேரமாகப் பார்த்து. தை மாசத்துக்குள் கட்டைவிரல் அசைந்தது, கணுக்கால் மடங்கியது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜகோபாலன் எழுந்து நின்றார். அபிதகுஜாம்பாள் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெருங்களத்தூர் தாண்டி மூன்றாவது கியரைப் போட்டு வண்டி இழுத்துக்கொண்டு ஓடும்போது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. புருஷன் படுத்துக் கிடக்கும்போது இப்படிச் சந்தோஷம் வரலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. லைசென்ஸ் வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக்காக ஆரம்பித்தது. இப்போது அவளுக்கே வேண்டியிருந்தது.

டெஸ்ட் மைதானத்தில் வளைத்து எட்டு போட வேண்டும், ரிவர்ஸ் எடுக்க வேண்டும், மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். முதல் டெஸ்டில் எட்டின் நடுவில், இரண்டு வளைவும் சேருகிற இடத்தில், கார் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். தான் மிதித்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. அவர் என்ன செய்வார் பாவம், தேறவில்லை என்று எழுதினார். மாசி மாசம் இரண்டாவது டெஸ்டுக்கு ராஜகோபாலனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். அவர் தூக்கத்தில் கனவு கண்டார். கனவில் லாரிகள் இன்னும் அதிகம். அன்றைக்குக் கார் மைதானத்துக்குள்ளேயே நுழையவில்லை.

அதற்கப்புறம் அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். காப்பி வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் காலாவதி ஆகச் சித்திரை வரைதான் கெடு, அதற்குள் தேறாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அவர் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு ஒரு அடி எடுத்துவைத்துக் காட்டினார், அவள் பார்க்காத மாதிரி துணி மடித்தாள். பயப்படுவது தன் கையில் இல்லை என்று அவர் விளக்க ஆரம்பித்தபோதுதான் அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, நீங்க நடக்கணும்னு எனக்கு ஆசை இல்லையா? கோவில் கோவிலா வேண்டிண்டிருக்கேன். ஆனா நான் தோத்துண்டே இருந்தாத்தான் நீங்க நடக்க முடியும்னா, நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

நியாயமான கேள்விக்கு முப்பது வருஷத்தில் அவர் பதில் தேடியது அதுதான் முதல் தடவை. மூன்றாவது டெஸ்டுக்கு முதல் நாள் அவளைக் கூப்பிட்டு, நாளைக்கு நான் பயப்பட மாட்டேன், நீ போயிட்டு வா என்றார். எப்படி என்று அவள் கேட்கவில்லை. பின்னால் அவரே எங்களிடம் சொன்னார். காலையில் அவள் போனதும் வழக்கம்போல் கண்ணை மூடி, மனசுக்குள் காரில் ஏறினாராம். அப்போதுதான் கவனித்தாராம், இத்தனை மாசமும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஓட்டியது தான்தான் என்று. அவள் வண்டியில் ஏறவே இல்லை. மனசுக்குள்ளேயே அவர் இறங்கினார், காரைச் சுற்றி வந்தார், இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவளை ஓட்டச் சொன்னார். அந்த நிமிஷமே கால் மறுபடி கட்டையாகப் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டு போனது அவருக்கே தெரிந்தது, அவர் ஒன்றும் செய்யவில்லை.

மைதானத்தில் அபிதகுஜாம்பாள் எட்டைப் போட்டாள், ரிவர்ஸ் எடுத்தாள், மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள். பிரேக் அவள் மிதித்தபோது மட்டும் இறங்கியது. அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்சா மைதானத்து வேலிக்கு வெளியே நின்று, அவளைவிட அதிகமாக வியர்த்துப்போயிருந்தான். பாஸ் என்றதும் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே கட்டிலில் படுத்திருந்தார். மாஹிரா காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள், அது அவள் விட்ட இடத்தில் அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் அவரை எங்கெல்லாமோ கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி, பெரும்பாக்கத்தில் இருக்கிற அவர் தங்கை வீடு, குன்றத்தூர் மலை அடிவாரம். அவர் இடது சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். முப்பது வருஷமாகப் போய்வந்த ரோட்டில் ஒரு சர்ச் இருப்பதையும், அதன் மணிக்கூண்டில் கிளிகள் இருப்பதையும் இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். சந்தோஷமாகவே இருந்தார். அவளுக்குத்தான் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் பக்கத்தில் கிடக்கிற அந்தக் காலைப் பார்த்தாள். வேண்டுமென்றே பஸ்ஸை ஒட்டி ஓட்டிப் பார்த்தாள், வளைவில் வேகமாகத் திருப்பிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. நீதான் கையில வச்சிருக்கியே வண்டியை, எனக்கென்ன என்று சொல்லிவிட்டுக் கிளி பார்த்தார். நன்றாக ஓட்டுகிறவள் மோசமாக ஓட்டுவது போல் நடித்தால் யாருக்குப் பயம் வரும்.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரு புது லேஅவுட்டுக்கு வண்டியை விட்டாள். மனை பிரித்துக் கல் நட்டு, ரோடு போட்டு, ஒரு வீடும் வராத பொட்டல். சேறும் பள்ளமும் அங்கங்கே. முதல் கியரைப் போட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாள்.

"ஏன்னா, நிஜமாவே கண்ணை மூடிண்டுட்டேன். நான் திறக்கப் போறதில்லை. நீங்க பாத்துக்கோங்கோ," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே மூடியிருந்தாள், இமைகூட நடுங்கவில்லை. கார் ஒரு மனைக்கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ராஜகோபாலனின் வலது கால் காரின் தரையை மிதித்தது, கார் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் கண்ணைத் திறக்காமலேயே அழுதாள், அழுதுகொண்டே ரிவர்ஸ் போட்டாள். அவர் மெதுவாக, லெஃப்ட்ல ஒடி, இன்னும் கொஞ்சம், போதும் என்று சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறார்கள். மற்ற நாளெல்லாம் அவள் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுகிறாள், அந்த லேஅவுட்டில் மட்டும் மூடிக்கொண்டு. ராஜகோபாலன் தடியை ஊன்றிக்கொண்டு காலனி வாசல் வரை நடந்து வந்து, பெண்டாட்டி ஓட்டி ஒரு கீறல் விழுந்ததில்லை என்று எங்களைப் பிடித்துவைத்துச் சொல்கிறார். லேஅவுட்டில் மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் பயந்து ஒதுங்குகிறார்கள். அங்கே இருக்கிற வாட்ச்மேன், அந்தம்மா கண்ணு தெறக்க மாட்டாங்க சார், ஆனா வண்டி நின்னுடும், நீங்க உங்க மனையப் பாருங்க என்று சொல்கிறார், அவர்களும் மனையைப் பார்க்கிறார்கள்.