எக்கர்ட் பிரித்த உறை

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு அமெரிக்கப் பெருநிறுவனத்தின் கணினிகளோடு மற்றவர்களின் கணினிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருளை எழுதி வந்தோம். ஒரே கோப்பை இருவர் திறந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடாமல் காக்கும் பகுதி, என்னோடு வேலை செய்யும் எக்கர்ட்டுடையது. பதினோரு வருட உழைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. மேலே ஒரு தாள். உள்ளே ஒட்டிய உறை. எக்கர்ட்டின் பகுதி தங்கள் காப்புரிமையை மீறுகிறது, ஆறு வாரத்தில் நீக்குங்கள் என்றது தாள். காப்புரிமையின் முழு வாசகம் உறைக்குள் இருந்தது.

எங்கள் வக்கீல் ஓல்ட்மன்ஸ் அம்மாள் தொலைபேசியில் எச்சரித்தார்: "அதைப் படிச்சவங்க அந்தப் பகுதியைத் தொடவே கூடாது. தெரிஞ்சே மீறினாங்கன்னு அமெரிக்க கோர்ட்டுல பிடிச்சுக்குவாங்க. ஒருத்தர் படிங்க, இன்னொருத்தர் எழுதுங்க."

நான் திரும்புவதற்குள் எக்கர்ட் உறையைப் பிரித்துவிட்டான்.

"வை அதை! அது உன் பகுதிடா!"

"அதனாலதான், வீப்கே. நான் எழுதினா கை பழைய வழியிலேயே போகும். நீ எழுது."

கடைசிப் பக்கம்வரை படித்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினான்.

நான் எழுதுவதை அவன் பார்த்து வக்கீலிடம் சொல்வான். காப்புரிமையோடு இடிக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வக்கீல் எனக்குச் சொல்வார். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் "இடிக்குது." எக்கர்ட்டின் மேசைக்கே போய் நின்றேன்.

"எங்க இடிக்குது? தலையையாவது ஆட்டேன்!"

"அம்மா தாயே, என் மூஞ்சியைப் பார்க்காதே. நீயும் மாட்டிக்குவே."

மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். மறுநாள் தன் மேசையை நடைவழிக்கு இழுத்துக்கொண்டான்.

ஐந்தாம் வாரம், யார் கோப்பைத் திறந்தார்கள் என்று நிரல் நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது மற்றக் கணினிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மறுநாள் வக்கீல் அழைத்தார். "இது இடிக்கல."

நடைவழிக்கு ஓடினேன். எக்கர்ட் திரையைப் பார்த்தபடி, "மெதுவா ஓடுது," என்றான்.

"உன்னோடதைவிட பிழை கம்மி."

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பகுதியில் இனி ஒரு வரிகூட அவன் எழுத முடியாது.

இப்போது அச்சுப்பொறிகளோடு பேசும் பகுதி அவனுடையது. கதவைச் சாத்தினாலும் அவன் அவற்றைத் திட்டுவது கேட்கிறது.